விரட்டப்படும் குதிரை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

மையத்தைப் பிடி; ஒரே காயை இருமுறை நகர்த்தாதே; குதிரைகளையும் மந்திரிகளையும் விரைவில் வெளியே கொண்டுவா; ராஜாவுக்குக் கோட்டை கட்டு. சதுரங்கம் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதல் நாளிலேயே சொல்லித்தரப்படும் பாடம் இது. நல்ல பாடந்தான். ஆனால் இந்தப் பாடத்தில் பாதியை முதல் நான்கு நகர்வுகளுக்குள்ளேயே மீறிவிட்டுத் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரு தொடக்க முறை உண்டு. அலெகின் தற்காப்பு என்பது அதன் பெயர். நம் கல்லூரி உடற்கல்வித் துறை அறையில் மாலை நேரங்களில் பலகை விரிக்கும் நண்பர்கள் அதைக் கேலி செய்கிறார்கள். 'ஊர்சுற்றிக் குதிரை' என்று பட்டப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேலியில் நியாயமில்லை என்பதே என் கட்சி.

ஆட்டம் தெரியாத நண்பர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்தருள வேண்டும். பலகையின் எட்டு நெடுவரிசைகளை, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்பார்கள். வெள்ளையின் பக்கத்திலிருந்து மேல்நோக்கி 1 முதல் 8 வரை எண்ணுவார்கள். வெள்ளை தன் ராஜாவுக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி ஈ4இல் வைக்கிறது. தானும் ஒரு சிப்பாயை நகர்த்தி மையத்தில் பங்கு கேட்பது கறுப்பின் வழக்கமான மறுமொழி. அலெகின் முறையில் கறுப்பு சிப்பாயைத் தொடுவதே இல்லை. குதிரையை எஃப்6இல் வைத்து அந்தச் சிப்பாயை மிரட்டுகிறது. வெள்ளை சிப்பாயை ஈ5க்குத் தள்ளிக் குதிரையை விரட்டுகிறது. குதிரை டி5க்குத் தாவுகிறது. வெள்ளை டி4இல் இன்னொரு சிப்பாயை நிறுத்த, கறுப்பு டி6 என்று மெல்ல ஓர் இடி இடிக்கிறது. சி4 என்று மூன்றாவது சிப்பாய் வந்து மறுபடியும் விரட்டுகிறது. குதிரை பி6க்கு ஒதுங்குகிறது. ஆசை அடங்காத வெள்ளை எஃப்4 என்று நான்காவது சிப்பாயையும் தள்ளுகிறது. நான்கு சிப்பாய்த் தாக்குதல் என்று இதற்குப் பெயர்.

இந்த நிலையில் பலகையைப் பார்க்கும் எவரும் கறுப்புக்காக இரக்கப்படுவார்கள். வெள்ளையின் நான்கு சிப்பாய்கள் நடுப்பலகையில் அணிவகுத்து நிற்கின்றன. கறுப்புக்கு இருப்பது ஓரத்தில் ஒதுங்கிய ஒரு குதிரையும் ஒரே கட்டம் நகர்ந்த ஒரு சிப்பாயும். 'காலத்தை வீணடித்தான்' என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வெள்ளை ஐந்து முறை நகர்த்தியிருக்கிறது. ஐந்தும் சிப்பாய் நகர்வுகளே. ஒரு குதிரையோ ஒரு மந்திரியோ இன்னும் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. குதிரை மூன்று முறை ஓடியது உண்மை. விரட்டியவனும் தன் நேரத்தைச் செலவழித்துத்தானே விரட்டினான்?

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. சதுரங்கத்தில் மற்றெல்லாக் காய்களும் முன்னே போய்ப் பின்னே வரலாம். சிப்பாய்க்கு மட்டும் பின்வாங்கத் தெரியாது. அது ஒரு கட்டம் முன்னேறினால், அதற்கு முன் அது காவல் காத்துவந்த இரு கட்டங்கள் அதன் காவலை என்றைக்குமாக இழந்துவிடுகின்றன. நம் ஊர்ப் பேச்சில் அகலக்கால் வைப்பது என்போம். வேலி கட்ட வசதியில்லாதவன் பத்து ஏக்கரை வளைத்துப் போட்டால், இராப்பகலாக மாடு விரட்டுவதே அவன் பிழைப்பாகிவிடும். வெள்ளையை அந்த நிலைக்குக் கொண்டுவருவதுதான் அலெகின் தற்காப்பின் நோக்கம். குதிரை அங்கே ஓடவில்லை, இழுத்துக்கொண்டு போகிறது.

எப்படி என்று பார்ப்போம். கறுப்பு அடுத்து ஈ5இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறது; வெள்ளை எஃப் சிப்பாயால் திரும்ப வெட்டுகிறது. டி வரிசை கறுப்பு ராணிக்குத் திறந்துவிட்டது. அவள் தன் வீட்டிலிருந்தபடியே டி4ஐப் பார்க்கிறாள். இரண்டாவது குதிரை சி6க்கு வருகிறது. அது டி4, ஈ5 இரண்டையும் ஒருசேர மிரட்டுகிறது. பி6இல் 'ஒதுங்கிய' குதிரை, உண்மையில் சி4 சிப்பாயின் மேல் கண் வைத்து உட்கார்ந்திருக்கிறது. இப்போது வெள்ளை இயல்பாகத் தன் குதிரையை எஃப்3க்கு எடுக்க விரும்பும். எடுத்தால் கறுப்பு மந்திரி ஜி4க்கு வந்து அந்தக் குதிரையை ராணியோடு சேர்த்துக் கட்டிப்போடும். டி4இன் காவல் ஆட்டங்கண்டுவிடும். ஆகவே வெள்ளை முதலில் மந்திரியை ஈ3இல் நிறுத்துவதே வழக்கம். இதைக் கவனியுங்கள். ஒரு மந்திரி, போருக்குப் போக வேண்டிய மந்திரி, தன் முதல் நகர்விலேயே ஒரு சிப்பாய்க்குக் காவலாளி ஆகிவிட்டது. கறுப்போ மந்திரியை எஃப்5க்கு எடுத்து, ஈ6, மந்திரி ஈ7, கோட்டை என்று அமைதியாக வீட்டைக் கட்டிக்கொண்டு, சமயம் பார்த்து எஃப்6 என்று ஈ5 சிப்பாயின் காலடியில் கடப்பாரையைப் போடுகிறது.

இதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வெள்ளை காவல் காப்பதை விட்டுவிட்டு, பத்தாம் நகர்வில் டி5 என்று சிப்பாயை மேலே தள்ளிவிட்டால் ஆட்டம் தீப்பிடிக்கும். கறுப்பு ஒரு நகர்வு தாமதித்தாலும் அந்தச் சிப்பாய்கள் ராஜாவின் வாசலுக்கே வந்துவிடும். அகலக்கால் வைத்தவன் விழுந்தே தீருவான் என்று எந்தச் சட்டமும் இல்லை. விழும்படி நாம் தள்ள வேண்டும், உரிய காலத்தில் தள்ள வேண்டும்.

இதே தத்துவத்தை இன்னும் பளிச்சென்று காட்டும் கிளை ஒன்று உண்டு. குதிரை டி5இல் நிற்கும்போதே வெள்ளை சி4 என்று விரட்ட, குதிரை பி6க்குப் போக, வெள்ளை விடாமல் சி5 என்று மறுபடியும் விரட்டுகிறது. குதிரை எங்கே போகிறது? புறப்பட்ட டி5க்கே திரும்பிவிடுகிறது! டி5இல் நிற்பதை விரட்டக்கூடிய வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டே. ஒன்று சி வரிசையிலும் மற்றது ஈ வரிசையிலும் இருப்பவை. இரண்டும் அதைக் கடந்து போய்விட்டன. இனி ஆட்டம் முடியும்வரை எந்தச் சிப்பாயாலும் அந்தக் கட்டத்தை மிரட்ட முடியாது. இந்த இடத்தை நான் முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று, சதுரங்கத்தில் எனக்கு ஏதோ ஒன்று தெரியும் என்ற எண்ணம் ஏற்பட்டது. அதற்குமுன் எனக்குத் தெரிந்தவை நகர்வுகள் மட்டுமே.

இந்தத் தற்காப்புக்குப் பெயர் தந்த அலெக்சாண்டர் அலெகின் 1921ஆம் ஆண்டு சோவியத் ருஷ்யாவை விட்டு வெளியேறியவர். அவ்வாண்டே புடாபெஸ்ட் போட்டியில் இதை ஆடிக்காட்டினார். அந்தப் போட்டியில் முதலிடமும் பெற்றார். 1927இல் காப்பபிளாங்காவை வென்று உலகச் சாம்பியன் ஆனார். முதல் உலகப் போருக்குப் பின் வந்த அந்த ஆண்டுகள் சதுரங்கத்தில் ஒரு மறுமலர்ச்சிக் காலம் எனலாம். மையத்தைச் சிப்பாய்களால் நிரப்பியே ஆகவேண்டும் என்று டார்ராஷ் போன்ற பெரியவர்கள் வகுத்த இலக்கணத்தை ரேட்டி, நிம்சோவிச், பிரேயர் முதலிய இளைஞர்கள் மறுத்தார்கள். மையத்தில் உட்கார வேண்டியதில்லை, தூரத்திலிருந்தே அதை ஆளலாம் என்றார்கள். 1924இல் நியூயார்க்கில் ரேட்டி, எட்டு ஆண்டுகளாகத் தோல்வியே காணாத காப்பபிளாங்காவைத் தோற்கடித்தபோது, அவர் ஆட்டத்தைத் தொடங்கியதும் குதிரை நகர்வோடுதான்.

ஐரோப்பியர் புதுமை என்று கொண்டாடிய இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1850களில் கல்கத்தாவில் ஜான் கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வல்லுநரோடு மொகேஷ் சந்திர பானர்ஜி என்ற வங்காளி பல ஆட்டங்கள் ஆடினார். 1855இல் அவர் ஆடிய ஓர் ஆட்டத்தின் தொடக்கம், பின்னாளில் க்ரூன்ஃபெல்ட் தற்காப்பு என்று ஐரோப்பியப் பெயர் பெற்ற அதே தொடக்கம். மையத்தை எதிரிக்கு விட்டுக்கொடுத்து, மந்திரியை ஜி7இல் ஓரமாக வைத்து, அங்கிருந்தே மையத்தைத் துளைக்கும் வழி அது. 'இந்தியத் தற்காப்பு' என்று இன்று உலகம் முழுவதும் வழங்கும் பெயரின் வேர் இந்த ஆட்டங்களில்தான் இருக்கிறது என்பர். ரேட்டிக்கும் அலெகினுக்கும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பே நம் நாட்டார் ஒருவர் கறுப்புக் காய்களோடு வெள்ளையை—காயின் நிறத்தைத்தான் சொல்கிறேன்—முன்னே வரவிட்டு அடித்திருக்கிறார்.

'பழங்கதை போதும், பெரிய ஆட்டத்தில் இது எடுபடுமா?' என்று கேட்கும் நண்பர்களுக்கு 1972ஆம் ஆண்டு ரெய்க்ஜாவிக்கில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பதின்மூன்றாவது ஆட்டத்தை எடுத்துக்காட்டுவேன். அதற்கு இரண்டு ஆட்டங்களுக்கு முன், பதினோராவது ஆட்டத்தில், பாபி ஃபிஷர் தமக்கு மிகவும் பிடித்த சிசிலியன் தற்காப்பை ஆடினார். ஸ்பாஸ்கியின் தரப்பு அதற்கு நன்றாகத் தயாராகி வந்திருந்தது. ஃபிஷரின் ராணியே சிக்கிக்கொண்டது, தோற்றார். அடுத்து அவருக்குக் கறுப்புக் காய் வந்தபோது, ஸ்பாஸ்கி ஈ4 ஆட, ஃபிஷர் குதிரையை எஃப்6க்கு எடுத்தார். ஸ்பாஸ்கி நான்கு சிப்பாய்களையும் தள்ளவில்லை, பதமாகவே ஆடினார். ஆனாலும் அவருடைய ஈ5 சிப்பாய்க்கு ஆட்கள் காவல் நிற்க வேண்டியதாயிற்று. அந்தக் கவலைக்கிடையே பதினான்காம் நகர்வுக்குள் ஓரத்துச் சிப்பாய் ஒன்று ஃபிஷரின் குதிரைகளுக்கு இரையாயிற்று. ஆட்டம் 74 நகர்வுகள் நீண்டது. கடைசியில் ஃபிஷரின் யானை ஜி8 மூலையில் அடைபட்டு அசைய முடியாமல் கிடக்க, அவருடைய ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே நடந்துபோய் ஸ்பாஸ்கியின் யானையை வென்றன. புள்ளிக் கணக்கு 8க்கு 5 ஆயிற்று. சூழ்நிலையைப் பாருங்கள்: உலகமே பார்த்துக்கொண்டிருக்கிறது, பிடித்த ஆயுதம் உடைந்துவிட்டது. அப்போது நம்பி எடுத்த ஆயுதத்தை ஊர்சுற்றி என்பதா? பத்தொன்பதாவது ஆட்டத்திலும் அவர் இதையே ஆடிச் சமன் செய்தார்.

பின்னும் சிலரைச் சொல்லலாம். லெவ் அல்பர்ட் இதையே தம் வாழ்நாள் ஆயுதமாக வைத்துக்கொண்டு அமெரிக்கச் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர். 2008இல் பதினேழு வயது மாக்னஸ் கார்ல்சன், லினாரெஸ் போட்டியில் டோபலோவை இதைக் கொண்டே வீழ்த்தினார்.

அப்படியானால் ஏன் எல்லாரும் இதை ஆடுவதில்லை? நேர்மையான கேள்வி. காரணம், வெள்ளை பேராசைப்படாமல் இருந்தால் போதும் என்பதே. நான்காம் நகர்வில் சி4 என்று விரட்டாமல் குதிரையை எஃப்3இல் வைத்துவிட்டால், கறுப்பு விரித்த வலையில் விழ எதுவும் இல்லை. வெள்ளைக்குக் கொஞ்சம் இடம் அதிகம், கொஞ்சம் நிம்மதி அதிகம். கணிப்பொறியைக் கேட்டாலும் வெள்ளைக்கே சாதகம் என்றுதான் சொல்லும். உலகத் தரத்தில் அந்தக் 'கொஞ்சம்' பெரிய விலை. நம் தரத்தில் அது விலையே அல்ல. இருபதாம் நகர்வுக்குள் இரு தரப்பும் ஆளுக்கொரு காயைச் சும்மா கொடுத்துவிடும் ஆட்டங்கள்தாமே நாம் ஆடுபவை?

இந்தப் பதமான வழிக்கும் கறுப்பிடம் துடுக்கான பதில் ஒன்று உண்டு என்பது வேறு செய்தி. லார்சன் 1965இல் ப்ளெட் நகரில் டாலுக்கு எதிராக ஈ5இல் சிப்பாயை வெட்டி, குதிரையை டி7க்கு எடுத்தார். 'வேண்டுமானால் எஃப்7இல் உன் குதிரையைப் பலி கொடுத்து என் ராஜாவை வெளியே இழு' என்ற நேரடி அறைகூவல் அது. அந்தப் பலியை ஏற்றால் கறுப்பு ராஜா ஈ6 வரை நடந்துவந்து தன் குதிரையைத் தானே காக்க வேண்டும். பலி கொடுப்பதற்கென்றே பிறந்தவர் என்று பெயர் பெற்ற டால், கொடுக்காமல் மந்திரியை சி4க்கு எடுத்தார்.

இனி, நான் எழுத வந்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளுக்குப் போகும்போது எதிரே அமர்பவர்களில் சிலர் பள்ளிப் பருவத்திலிருந்தே பயிற்சியாளரிடம் கற்றவர்கள். பதினைந்து நகர்வுகள்வரை கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல் ஆடுவார்கள். அவர்களைப் பார்த்துவிட்டு வந்த நம்மவர்கள், கைப்பேசியில் வரும் காணொளிகளைப் பார்த்து, ஸ்பானிய ஆட்டத்திலும் சிசிலியனிலும் வரிவரியாக நகர்வுகளை உருப்போடுகிறார்கள். பதினோராம் நகர்வில் எதிரி காணொளியில் இல்லாத ஒன்றை ஆடிவிட்டால், பரீட்சை அறையில் பாடத்திட்டத்துக்கு வெளியே வினா வந்ததுபோல் விழிக்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். 'ஏன்' என்று கேட்டால் சொல்ல வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்கு மனப்பாடம் எவ்வளவு பெரிய துணை என்பதை நான் அறிவேன். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் அதைக்கொண்டே கடந்தேன். அதை நான் இகழவில்லை. ஆனால் மனப்பாடம் செய்வதில் நம்மைவிடப் பத்தாண்டு முன்னே இருப்பவனோடு மனப்பாடத்திலேயே போட்டி போடுவது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம்?

எனக்கு வேண்டியது, ஒரே ஒரு கருத்தை நம்பித் தலையில் சுமந்துகொண்டு போகக்கூடிய தொடக்கம். வெள்ளைச் சிப்பாய்களை முன்னே வரவிடு, வந்தவற்றை டி6, சி5, எஃப்6 என்று அடியில் இடி, காவலுக்கு நிற்கும் குதிரையைக் கட்டிப்போடு. அலெகின் தற்காப்பின் சாரம் இவ்வளவே. வழி மறந்தாலும் இதை வைத்துக்கொண்டு அடுத்த நகர்வைக் கண்டுபிடித்துவிடலாம். சூத்திரத்தை வருவிக்கத் தெரிந்தவன் அது மறந்துபோனாலும் பதறுவதில்லை. நம் இயற்பியல் ஆசிரியர்கள் இதை ஒத்துக்கொள்வார்கள். (செய்முறைப் பதிவேட்டைச் சென்ற ஆண்டு மாணவரிடமிருந்து பார்த்து எழுதும் நண்பர்கள் ஒத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.)

அபூர்வமான எதையும் ஆடலாம் என்பதும் என் கட்சியன்று. அபூர்வம் வேறு, கண்கட்டு வித்தை வேறு. இரண்டையும் பிரித்தறிய நான் ஓர் உரைகல் வைத்திருக்கிறேன்: எதிரிக்கு முழுவதும் தெரிந்திருந்தாலும் இந்தத் தொடக்கம் நிற்குமா? நான்கே நகர்வில் ராஜாவை முடிக்க ராணியை ஓடவிடும் வித்தை நம் விடுதியில் மிகவும் பிரபலம். ஒருமுறை தெரிந்துகொண்டவனிடம் அது செல்லாது, ராணிதான் அலைக்கழியும். 1980இல் ஸ்வீடன் நாட்டு ஸ்காரா நகரில் டோனி மைல்ஸ், அன்றைய உலகச் சாம்பியன் கார்போவின் ஈ4க்கு ஓரத்துச் சிப்பாயை ஏ6 என்று ஒரு கட்டம் நகர்த்தி மறுமொழி சொன்னார், பார்த்தவர்கள் சிரித்தார்கள், மைல்ஸ் 46 நகர்வில் வென்றார். வீரமான ஆட்டம். ஆனாலும் அந்த ஏ6 என் உரைகல்லில் அரைகுறையாகவே தேறுகிறது. மைல்ஸ் கையில் இருந்ததால் வென்றது. நம் ஆனந்த் 1995இல் நியூயார்க்கில் காஸ்பரோவுடன் மோதிய உலகச் சாம்பியன் போட்டியின் பதினான்காம் ஆட்டத்தில், அந்தத் தரத்தில் அபூர்வமாக இருந்த ஸ்காண்டிநேவியத் தற்காப்பை எடுத்தார். ஆட்டத்தில் தோற்றார், ஆனால் தொடக்கம் அவரைக் கைவிடவில்லை, நல்ல நிலையையே தந்தது. அது என் உரைகல்லில் முழுவதும் தேறும்.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. அடுத்த ஆண்டு முதலாண்டு மாணவர்களுக்குப் பலகையை விரிக்கும்போது, நகர்வுப் பட்டியலைக் கையில் கொடுப்பதற்கு முன், இந்தக் குதிரையை ஒருமுறை அவர்கள் கண்முன் ஓடவிட்டுக் காட்டுங்கள். சிப்பாய் ஏன் திரும்புவதில்லை என்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு அவர்கள் சிசிலியன் ஆடினாலும் ஸ்பானியம் ஆடினாலும் அது கூடவே வரும். அணித் தேர்வில் ஒருவன் முதல் நகர்வில் குதிரையை எடுத்தான் என்பதற்காக அவனை விளையாட்டுப் பிள்ளை என்று ஒதுக்கவும் வேண்டாம்.

ஆடிப் பார்க்க விரும்புவோருக்கு ஒரு குறிப்பு. விஷயம் தெரிந்த எதிரிகள் இப்போதெல்லாம் எஃப்4 என்று தள்ளுவதில்லை. ஈ5 சிப்பாயால் டி6இல் வெட்டிவிடுகிறார்கள். அதை சி சிப்பாயால் திரும்ப வெட்டுவதா, ஈ சிப்பாயால் வெட்டுவதா என்பதில் எனக்கும் என் அறை நண்பனுக்கும் ஓயாத வழக்கு. சி சிப்பாயால் வெட்டினால் மையத்தில் நமக்கு ஒரு சிப்பாய் கூடுதல், ஆட்டமும் சூடாக இருக்கும். நான் அந்தக் கட்சி. ஆனால் அதன்பின் நாம் மந்திரியை ஜி7க்குக் கொண்டுபோனால், வெள்ளை யானையை சி1க்கும் பி சிப்பாயை பி3க்கும் நகர்த்தி, அந்த மந்திரியின் பார்வையிலிருந்து எல்லாவற்றையும் விலக்கிவிடுகிறது. ருஷ்ய நகரம் ஒன்றின் பெயரால் வொரோனெஷ் முறை என்பார்கள், பிடிவாதமான முறை. அதைத் தெரிந்தவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான் என்று சந்தேகம் வந்தால் நானும் ஈ சிப்பாயாலேயே வெட்டிவிடுகிறேன். என் அறை நண்பனிடம் இதைச் சொல்ல வேண்டாம்.